ரோச் மடல்: சொல் விளக்கம்

நெருங்கிச் சுற்றும் இரட்டை விண்மீன்களைப் பற்றி எங்கே படித்தாலும் ‘ரோச் லோப்’ வந்துவிடும். ஒரு விண்மீன் தன் வாயுவைத் தன்வசமே வைத்துக்கொள்ளக்கூடிய வெளி அது. இரு விண்மீன்களின் துளி வடிவ வெளிகளும் கூர்முனையில் தொட்டுக்கொள்ளும். வெட்டிப் பார்த்தால் படுத்துக்கிடக்கும் 8 போலத் தெரியும்.

ரோச் என்பவர் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு கணித அறிஞர் எதுவார் ரோச். லோப், கிரேக்க ‘லோபோஸ்’ வழி வந்தது. காதின் கீழே தொங்கும் சதைக்கும் அவரை இனத்தின் நெற்றுக்கும் அங்கே அதுதான் பெயர். அப்படிப் பார்த்தால் தமிழில் நேர்ச்சொல் ‘சோணை’. மடல் தட்டையானது, இதுவோ உப்பலானது. ஆனாலும் நுரையீரல் மடல் என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘ரோச் மடல்’ சொன்னவுடன் புரிகிறது. சரி, அதுவே இருக்கட்டும்.

1955இல் வானியலாளர் ஸ்டெனெக் கோப்பல் (Zdeněk Kopal) இந்த மடலை வைத்தே நெருங்கிய இரட்டைகளை வகைப்படுத்தினார். இரண்டும் மடலுக்குள் அடங்கியிருந்தால் பிரிநிலை, ஒன்று மட்டும் மடலை நிரப்பியிருந்தால் அரைப்பிரிநிலை, இரண்டுமே நிரப்பியிருந்தால் தொடுநிலை.

நடுவில் உள்ளதுதான் சுவாரசியம். அல்கோலை எடுத்துக்கொள்வோம். சுமார் 2 நாள் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை மங்கும் இந்த இரட்டையில் ஒன்று சூரியனைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று அதிக நிறை, இன்னொன்று சூரியனைவிடக் குறைவு. நிறை கூடியதுதான் முதலில் மூப்படைய வேண்டும். இங்கே மூத்து உப்பி நிற்பது நிறை குறைந்தது! ஒருகாலத்தில் அதுதான் பெரியதாக இருந்தது. உப்பி மடலை நிரப்பி, கூர்முனை வழியே துணைமீது வழிந்துவிட்டது. பெரியது சிறியதற்குக் கொடுக்கும்வரை இடைவெளி குறையும், கொடுப்பவரின் மடலும் சுருங்கும், வழிவு வேகமெடுக்கும். நிறை தலைகீழான பிறகு இடைவெளி அகலும், வழிவு நிதானமாகும். வேகமான கட்டம் சீக்கிரம் முடிந்துவிடுவதால், நமக்குப் பெரும்பாலும் அகப்படுவது அல்கோல் போன்ற நிதானக் கட்டத்தில் இருப்பவையே.

‘ரோச் எல்லை’ என்று மட்டும் இதை எழுதிவிடக் கூடாது. அது வேறு: ஒரு துணைக்கோள் அதற்குமேல் நெருங்கினால் கோளின் ஈர்ப்பே அதைப் பிய்த்துவிடும் தொலைவு.