குதிரைக்கு வயிற்றுவலி: மருத்துவர் வருவதற்குள் செய்யக் கூடாதவை

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்திலுள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கம். இரைப்பையோ அந்தப் பெரிய உடம்புக்குச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தீவனம் உள்ளே புளித்து வாயு சேர்ந்தால் மேலே வர வழியில்லை. இரைப்பை கிழிந்துபோகவும் கூடும். மாடு வளர்த்துப் பழகியவர்கள் குதிரையிடம் தடுமாறுவது இங்கேதான்.

வலி ஆர்ப்பாட்டமாகத் தொடங்குவதில்லை. தீவனத்தை ஒதுக்கும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், முன்காலால் தரையைப் பறிக்கும், லத்தி குறையும். வியர்த்துப் புரளுவதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44. அது 60-ஐத் தாண்டினாலோ, ஈறு செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த இரண்டு விவரங்களையும் தொலைபேசியில் சொன்னால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. "மிகவும் துடிக்கிறது டாக்டர்" என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நான் போய்ச் சேர்வதற்குள் பல இடங்களில் மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றி முடித்திருப்பார்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் ஆபத்து. வயிறு சரியானாலும் நுரையீரல் அழற்சி உயிரை வாங்கிவிடும். நாங்களும் எண்ணெய் கொடுப்பதுண்டு. ஆனால் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, தேங்கியிருப்பதை வெளியேற்றிய பிறகுதான்.

அடுத்தது, கடையில் வாங்கிப் போடும் வலி ஊசி. குடல் முறுக்கியிருந்தால் ஊசி வலியை மறைக்கும், முறுக்கை அவிழ்க்காது; அறுவை சிகிச்சைக்கான நேரம் அதற்குள் கடந்துவிடும். போட்டுவிட்டீர்களா? எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். விடிய விடிய நடக்கவைப்பதும் வேண்டாம். புரண்டு அடிபடாமலிருக்கச் சற்று நடத்தினால் போதும். அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

காரணம் பெரும்பாலும் தீவனத்திலும் தண்ணீரிலும் இருக்கும். கடற்கரைக் குதிரைகளுக்குத் தரையில் புல்லைப் போட்டால் மணலும் சேர்ந்து உள்ளே போகும். லத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். அடியில் மணல் தங்கினால் உடனே தீவனத் தொட்டிக்கு மாறுங்கள். அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கி லாரியில் ஏற்றி வரும் குதிரை வழியில் சரியாகத் தண்ணீர் குடிக்காமல், வந்ததும் புதுத் தீவனத்தைத் தின்னும். குடலில் அடைப்பு விழ அது போதும். நாளொன்றுக்கு 25 லிட்டராவது குடிக்கிறதா என்று பாருங்கள். புதுத் தீவனத்துக்கு மாற்ற 7 முதல் 10 நாட்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டவிழ்ந்த குதிரை கொள்ளு மூட்டையைக் காலி செய்துவிட்டதென்றால் வலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே அழையுங்கள். வயிறு தப்பித்தாலும் ஓரிரு நாளில் குளம்புக்குள் அழற்சி தொடங்கலாம். முன்குளம்பு சூடாகி, குதிரை பின்கால்களில் பாரத்தைச் சாய்த்து நிற்கும் நிலைக்கு வந்துவிட்டால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்.