திரையில் குழந்தை எதைப் பார்க்கிறது?

டிவியில் ஒரு கிண்ணம் நிறைய பாப்கார்ன் தெரிகிறது. டிவியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பாப்கார்ன் கீழே கொட்டுமா? அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளாவெல்லின் குழு சின்னக் குழந்தைகளிடம் இப்படிக் கேட்டு, 1990-ல் முடிவை வெளியிட்டது. மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் கொட்டும் என்றார்கள். நான்கு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் கொட்டாது என்றார்கள். ஒரே வருஷத்தில் இவ்வளவு வித்தியாசம்!

குடும்பத்தோடு பார்க்கும் படத்தில் எதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று பேசும்போது இந்த வித்தியாசத்தை நாம் மறந்துவிடுகிறோம். நமக்குக் கூச்சம் தருவதையும் அருவருப்பு தருவதையும் வைத்தே வரம்பு கட்டுகிறோம்.

பயத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கான்டர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். சாதாரண மனிதன் பச்சை நிற ஹல்க்காக மாறும் பழைய தொலைக்காட்சித் தொடரைக் காட்டியபோது, பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகள் அந்த உருமாற்றத்தில்தான் நடுங்கினார்கள். ஒன்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கே பெரிய பயம் இல்லை. உருவம் மாறினாலும் அவன் நல்லவன், காப்பாற்ற வந்திருக்கிறான் என்று அவர்களுக்குப் புரிந்தது. சின்னக் குழந்தை கதையைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அணுகுண்டுப் போரைக் காட்டிய ஒரு தொலைக்காட்சிப் படம் 1983-ல் அமெரிக்காவையே உலுக்கியது. சின்னப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று எச்சரிக்கைகள் பறந்தன. பிறகு விசாரித்தபோது, பார்த்தவர்களில் மிகக் குறைவாகக் கலங்கியவர்கள் சின்னப் பிள்ளைகள். அதிகம் கலங்கியவர்கள் பெற்றோர்.

"அது நிஜம் இல்லடா, வேஷம்" என்று சொல்லித் தேற்றுவதும் எல்லா வயதுக்கும் எடுபடாது. ஒரு சூனியக்காரி காட்சியை வைத்துக் கான்டர் இதையும் சோதித்தார். ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தச் சமாதானம் உதவியது. மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்களுக்கு உதவவில்லை. அவர்களுக்கு வார்த்தையை விட நம் மடிதான் மருந்து.

பயமாவது அழுகையில் வெளியே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் உள்ளே போவது வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-ல் வெளியிட்ட பொம்மைச் சோதனை பலருக்குத் தெரியும்: பெரியவர் ஒரு காற்றுப் பொம்மையை அடித்தார், பார்த்த குழந்தைகளும் அதே மாதிரி அடித்தார்கள். என்னைப் பொறுத்தவரை, 1965-ல் அவர் வெளியிட்ட அடுத்த சோதனைதான் இன்னும் முக்கியமானது. அதில் குழந்தைகள் மூன்று வகைப் படங்களில் ஒன்றைப் பார்த்தார்கள். ஒன்றில் அடித்தவருக்கு மிட்டாயும் குளிர்பானமும் கிடைத்தன. ஒன்றில் அவர் திட்டும் அடியும் வாங்கினார். ஒன்றில் எதுவும் நடக்கவில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் பொம்மையைக் குறைவாகவே அடித்தார்கள். அப்புறம் எல்லோரிடமும், பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு என்றார்கள். மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டின. அதாவது, எல்லாக் குழந்தைகளும் கற்றுக்கொண்டிருந்தார்கள். செய்வதா வேண்டாமா என்பதைத்தான் அந்த மிட்டாயும் திட்டும் தீர்மானித்தன.

இதை வைத்து நம் படங்களைப் பாருங்கள். இரட்டை அர்த்த வசனம் வந்தால் நெளிகிறோம்; ஐந்து வயதுக் குழந்தைக்கு அது பெரும்பாலும் புரிவதே இல்லை. ஆனால் நகைச்சுவைக் காட்சியில் ஒருவன் இன்னொருவனைப் பொளேரென்று அறைகிறான், அரங்கமே சிரிக்கிறது. அறைந்தவனுக்குக் கிடைக்கும் மிட்டாய் அந்தச் சிரிப்பு. நாயகன் பத்துப் பேரை அடித்துப் போட்டால் கிடைக்கும் விசிலும் அப்படித்தான். இவற்றை நாம் கவனிப்பதே இல்லை என்பதுதான் எனக்குக் கவலை.

தணிக்கைச் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாதா? இந்தியாவில் 2023-ல் சட்டம் திருத்தப்பட்டு, யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் அந்த எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. முடிவு நம் கையில்தான். நம் அளவுகோலோ பார்க்கப் பார்க்கத் தேயும். அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ரோமரின் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில் 1,000 பெற்றோர் வன்முறை, பாலியல் காட்சிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் காட்சியைப் பார்க்கப் பிள்ளைக்கு 17 வயதாவது வேண்டும் என்ற ரீதியில் சொன்னவர்கள், கடைசிக் காட்சிக்கு 14 போதும் என்ற அளவுக்கு இறங்கிவிட்டார்கள்.

ஆகவே மூன்று, நான்கு வயதில் தயங்காமல் மறைக்கலாம் என்பதே என் கருத்து. அந்த வயதில் விளக்கம் வேலை செய்யாது. ஏழெட்டு வயதுக்கு மேல் கூட உட்கார்ந்து பேசுவது பலன் தரும். சும்மா உட்கார்ந்திருப்பது போதாது. பெற்றோர் பேசாமல் கூடப் பார்த்த வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனம் சற்றுக் கூடுதலாகவே இருந்ததை ஆய்வாளர் ஏமி நாதன்சன் கண்டார். மௌனம் சம்மதம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அவரும் கான்டரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மரங்கொத்தி கார்ட்டூன் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் மட்டும், மரங்கொத்தியிடம் அடிபடும் மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பார்க்கச் சொன்னார்கள். மற்றப் பையன்களிடம் கார்ட்டூனுக்குப் பின் கூடிய முரட்டுத்தனம் இந்தக் குழுவின் பையன்களிடம் கூடவில்லை. பார்க்கத் தொடங்கும் முன் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை. கார்ட்டூனில் ஒரு காட்சிகூட வெட்டப்படவில்லை.