வெள்ளைக் கொக்கும் கேமராவின் கணக்கும்

ஐப்பசியில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் தாளடி நெல்லுக்குச் சேறடிக்கும் டிராக்டரின் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் கூட்டமாகத் திரியும். இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும் பறவைதான், ஆனால் பறக்கும்போது படமெடுத்தால் பெரும்பாலும் கெட்டுப்போகும். அதன் வெள்ளை நிறமே காரணம்.

கேமரா, தான் பார்க்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் ஒளியைக் கணக்கிடுகிறது. கருஞ்சேற்றின் மேல் கொக்கு பறந்தால் காட்சியில் இருட்டு அதிகம். உடனே கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். இறகெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அங்கே ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் கொள்ளளவு நிரம்பிவிட்டதால், கணினியில் என்ன செய்தாலும் இறகின் வரிகள் திரும்பாது. அதே கொக்கு எழும்பி வெளிறிய வானத்துக்குள் போனால் நேர்மாறு: கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், கொக்கு கறுத்துப்போகும்.

இத்தனைக்கும் கொக்கின் மேல் விழும் ஒளி அந்த ஒரு நொடியில் அநேகமாக மாறவே இல்லை. மாறியது பின்னணிதான். அதனால் ஆட்டோவை நம்பாமல், வெளிச்சத்தை நாமே அமைக்கும் மேனுவலுக்குப் போவதே சரி. வரப்பில் நிற்கும் கொக்கைப் பார்த்து, வெள்ளை வெளுத்துவிடாத அளவுக்கு அமைத்துக்கொள்ளுங்கள். மேகம் மாறினால் மட்டும் திருத்தினால் போதும்.

அப்புறம் ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே வர கேமரா திறந்திருக்கும் நேரம். 30 மீட்டர் தள்ளி, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பறவை குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/250 நொடிக்குள் அது 4 செ.மீ. நகர்ந்துவிடும். 500 மி.மீ. லென்ஸில், ஒவ்வொரு பிக்சலும் (படத்தின் ஒரு புள்ளி) 4 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு, அகலமுள்ள சென்சாரில், அது 150 பிக்சலுக்கு மேல் இழுபடும். பறவையோடு சேர்த்து கேமராவைத் திருப்பினால் உடல் தெளிவாக விழும். ஆனால் மேலும் கீழும் அடிக்கும் சிறகு நுனிக்கு அந்த வித்தை உதவாது. 1/2000 அளவுக்குப் போயே ஆகவேண்டும்.

அப்போது உள்ளே வரும் ஒளி எட்டில் ஒரு பங்குதான். ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தால் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1 சதவீதம். 1,250 மட்டும் விழுந்தால் கிட்டத்தட்ட 3 சதவீதம். இந்த ஏற்ற இறக்கம்தான் படத்தில் புள்ளிகளாகத் தெரியும். மழைக்காலப் படங்களில் தெரியும் புள்ளிகளுக்குப் பலரும் ஐஎஸ்ஓவை (படத்தை வெளிச்சமாக்கிக் காட்டும் அமைப்பு) திட்டுகிறார்கள். பெரும்பாலும் ஒளிப் பஞ்சம்தான் காரணம். ஐஎஸ்ஓ அதைக் கண்ணுக்குக் காட்டுகிறது, அவ்வளவே.

மார்கழி மூடுபனியில் சிக்கல் வேறு. நீர்த்திவலைகள் ஒளியைச் சிதறடித்து, நமக்கும் பறவைக்கும் நடுவே வெண்திரை போடுகின்றன. தூரம் கூடக் கூடத் திரையும் தடிக்கும். தானே குவியம் பிடிக்கும் ஆட்டோஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள விளிம்பே கிடைக்காது. பெரிய லென்ஸ் பனியையும் சேர்த்தே பெரிதாக்கும். தூரத்தைக் குறைப்பது ஒன்றே வழி. அதற்காகக் கூடு கட்டியிருக்கும் மரத்தை நெருங்கவே கூடாது. வடுவூர் ஏரிக்கரையில் அசையாமல் உட்கார்ந்தால் பறவையே பக்கமாகப் பறந்து போகும்.

கோடியக்கரைப் பூநாரைகளுக்கு வெயிலே இடைஞ்சல். வெயில் ஏறியதும் சூடான தரையை ஒட்டிய காற்று கலங்கி, அதன் வழியே வரும் ஒளி கோணலாக வளையும். 1/4000 வைத்தாலும் படம் நெளிந்தே இருக்கும். தரை சூடேறும் முன்பே போய்விடவேண்டும், இல்லையென்றால் மேகமூட்டமான நாளாகப் பார்க்கவேண்டும்.