லோரோங் கூலிட் சந்தையில் போர்க்காலக் கருவி வாங்குமுன்

ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான மரப்பிடி. ஒரு நுனியில் இரும்புப் பூண், பூணின் முனையில் இரண்டு சிறிய புடைப்புகள். பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் இப்படி ஒன்று கையில் சிக்கினால் விற்பவர் போலீஸ் தடி என்பார், பக்கத்தில் நிற்பவர் கொடிக்கம்பத் துண்டு என்பார். உண்மையில் அது பிரிட்டிஷ் சிப்பாய் பதுங்குகுழி தோண்டப் பயன்படுத்திய 1937 வகைக் கருவியின் பிடி. மண்வெட்டியும் கொத்தும் சேர்ந்த இரும்புத் தலை தனியாக வரும். அது தொலைந்து பிடி மட்டும் மிஞ்சுவதால்தான் இந்தக் குழப்பம்.

அந்தப் புடைப்புகள் எதற்கு? பிரிட்டிஷ் ராணுவத்தின் எண் 4 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் நுனியை ஒத்த அமைப்பு அது. துப்பாக்கியில் மாட்டும் சுமார் 20 செ.மீ. ஆணி வடிவ பயோனெட்டை (துப்பாக்கி முனைக் குத்துக்கத்தி) அதில் செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும். சிப்பாய் குப்புறப் படுத்து, ஆணியைச் சாய்வாக மெல்ல மண்ணுக்குள் தள்ளிக் கண்ணிவெடியைத் தேடுவார். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் மேல்தட்டு அழுந்தும், சாய்த்துத் தள்ளினால் பக்கவாட்டில்தான் படும். பூணில் புடைப்பு இல்லாத பிடிகளும் உண்டு. அவை இந்த மாற்றத்துக்கு முந்தையவை.

இதிலிருந்தே காலமும் தெரிந்துவிடும். 1941 டிசம்பரில் மலாயாவில் போரிட்ட பிரிட்டிஷ், இந்தியப் படைகளிடம் இருந்தது பழைய எண் 1 ரகத் துப்பாக்கி. ஆணி பயோனெட் அதில் பொருந்தாது. ஆகவே புடைப்புள்ள பிடியை "ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான்" என்று சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். 1945-இல் பிரிட்டிஷார் திரும்பிய பிறகோ 1948-இல் தொடங்கிய அவசரகாலத்திலோ வந்திருக்கத்தான் வாய்ப்பு.

எந்தக் கருவியானாலும் அது எதோடு இணைகிறது என்பதை முதலில் பாருங்கள். பிடி மாற்றியிருப்பார்கள், வண்ணம் பூசியிருப்பார்கள். இணையும் முனையை மாற்றினால் கருவியே பயன்படாது. வெர்னியர் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியால் வாயகலம், துளையின் விட்டம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். பிரிட்டிஷ் ஸ்பேனரில் பலர் சறுக்குவது இங்கேதான்: விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் திருகு அளவுமுறை ஸ்பேனரில் 1/4 (அங்குலம்) என்று பொறித்திருந்தால் அது போல்ட்டின் தண்டு அளவு. வாயகலம் சுமார் 13.3 மி.மீ. இருக்கும்.

கருவியில் பொறித்த முத்திரையைப் படிக்குமுன் பித்தளை பாலிஷ் போடாதீர்கள், கம்பி பிரஷும் வேண்டாம். மண்ணெண்ணெய் தொட்ட மென்மையான பிரஷால் அழுக்கை எடுத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தடவித் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து மேலெழும். மூன்று கோடுகள் உச்சியில் கூடும் அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து. அது சி எழுத்துக்குள் இருந்தால் கனடா, இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் ராணுவம் கழித்து விற்ற சரக்கு. ஜப்பானியப் பொருளில் கொக்குரா ஆயுதச் சாலைக்கு ஒன்றோடொன்று பின்னிய நான்கு வட்டங்கள், கடற்படைக்கு நங்கூரம். ஷோவா ஆண்டு (அன்றைய ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டு) எண்ணோடு 1925-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 16 என்றால் 1941. "வகை 99" என்பது மட்டும் செய்த ஆண்டல்ல. அது ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2599-இன் கடைசி இரு இலக்கங்கள், அதாவது 1939-இல் அந்த மாதிரி ஏற்கப்பட்டது என்று பொருள்.

போலி முத்திரையைத் துருவே காட்டிக்கொடுக்கும். பழைய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் துருக்குழிகள் இருக்கும். துருக்குழிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அம்பு கூர்மையாக ஓடினால், அண்மையில் யாரோ உளியால் அடித்தது.

இவ்வளவும் கையிலிருப்பது கருவிதான் என்று உறுதியான பிறகு. கூம்பான பித்தளை, அடியில் திருகு மரை, சுற்றிலும் எண்கள் பொறித்த வளையம், சாவி செருக இரண்டு குழிகள்: இது கடிகாரப் பாகமோ அளவுக் கருவியோ அல்ல, பீரங்கிக் குண்டின் மூக்கில் திருகும் ஃபியூஸ், அதாவது குண்டை வெடிக்கவைக்கும் பாகம். அதைத் திருப்பும் இரட்டைக் கொம்புச் சாவி ஆபத்தில்லாதது; ஃபியூஸுக்குள் வெடிமருந்து இன்னும் இருக்கலாம். ஜப்பானியப் படை பிக்ரிக் அமிலம் என்ற மஞ்சள் நிற வெடிமருந்தை அதிகம் பயன்படுத்தியது. ஈயம், செம்பு போன்ற உலோகங்களோடு அது சேர்ந்து உண்டாகும் உப்புகள் உரசலுக்கே வெடிக்கக்கூடியவை. மரையோரம் மஞ்சள் படிவு தெரிந்தால் அதைச் சுரண்டுவதுதான் செய்யவே கூடாத காரியம். வைஸில் பிடிக்காதீர்கள், துரு இளக எண்ணெய் விட்டுத் திருகாதீர்கள், "காலியாத்தான் இருக்கும்" என்று தட்டிப் பார்க்காதீர்கள். காரில் ஏற்றி போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டு, ஆட்களை விலக்கி, தள்ளி நின்று 999-க்கு அழையுங்கள். நீளம், வடிவம், நிறம், யாராவது அதை நகர்த்தினார்களா என்ற விவரம் போதும். போலீஸின் வெடிகுண்டு அகற்றும் பிரிவை அவர்களே வரவழைப்பார்கள்.

ராணுவத் திசைகாட்டியில் ஆபத்து வேறு விதம். முள்ளில் பூசிய, கதிரியக்கமுள்ள ரேடிய வண்ணம் இன்று ஒளிராது, ஏனெனில் ஒளி தரும் துத்தநாகச் சேர்மம் நைந்துவிட்டது. ரேடியத்தின் கதிரியக்கமோ பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடி முழுசாக இருந்தால் திறக்காமல் அப்படியே வையுங்கள். உடைந்து வண்ணம் உதிர்ந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.