பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒரு கேப்

பல் மருத்துவத்தில் சிரமமான வேலை எது என்று கேட்டால், ஞானப்பல் பிடுங்குவதைத்தான் பலரும் சொல்வார்கள். மேல்வரிசையின் நடுவில் உள்ள இரண்டு பற்களில் ஒன்றுக்கு மட்டும் கேப், அதாவது செதுக்கிய பல்லின் மேல் மாட்டும் பல் வடிவ உறை, போடுவதை நான் சொல்வேன். கடைவாயில் நிறம் கொஞ்சம் தப்பினாலும் யார் கண்ணிலும் படாது. நடுப்பல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் ஜோடி ஒட்டியே நிற்பதால், சிரித்த கணமே வித்தியாசம் தெரிந்துவிடும். ‘இரண்டுக்குமே கேப் போட்டுவிடலாம், நிறம் பொருந்திவிடும்’ என்று சொல்வதும் உண்டு. பொருந்தும்தான். ஆனால் நிறத்துக்காக நல்ல பல்லைச் செதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இத்தனை சிரமம் ஏன்? பல்லின் நிறம் மேலே பூசிய பெயின்ட் மாதிரி மேற்பரப்பில் இருப்பதில்லை. வெளியே இருக்கும் எனாமல் எடையில் சுமார் 96% கனிமம். ஒளியைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். அதற்கு அடியில் இருக்கும் டென்டின்தான் மஞ்சள் சாயல் கொண்டது. உள்ளே போகும் ஒளி டென்டினில் பட்டு, சிதறி, கொஞ்சம் உறிஞ்சப்பட்டு, மறுபடி எனாமல் வழியாக வெளியே வருகிறது. நாம் பார்ப்பது அதைத்தான். எனவே எனாமல் எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து ஒரே பல்லில் இடத்துக்கு இடம் நிறம் மாறும். ஈறை ஒட்டிய பகுதியில் எனாமல் மெலிந்திருப்பதால் மஞ்சள் தூக்கலாக இருக்கும். நுனியில் டென்டினே இல்லாததால் கண்ணாடி போன்ற ஒரு நீலச் சாம்பல் தெரியும். குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளி எனாமலில் அதிகமாகச் சிதறுவதுதான் காரணம். அதே நுனியைப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் பார்த்தால் ஆரஞ்சு தட்டும். வயது ஏற ஏற எனாமல் தேயும், டென்டின் தடிக்கும், பல் மொத்தமாகவே இருளும். கோரைப்பல்லோ எந்த வயதிலும் பக்கத்துப் பற்களைவிட ஒரு படி அடர்த்தியாகத்தான் இருக்கும்.

இவ்வளவையும் அடக்க மருத்துவர் கையில் இருப்பது ஷேடு கைடு என்னும் ஒரு நிற மாதிரிப் பட்டை. வரிசையாகச் சின்னச் சின்னப் பீங்கான் பற்கள். உலகம் முழுக்கப் பழகிப்போனது ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த கைடு. அதில் 16 ஷேடுகள். ‘ஏ’ வரிசை செம்பழுப்புச் சாயல், ‘பி’ செம்மஞ்சள், ‘சி’ சாம்பல், ‘டி’ செஞ்சாம்பல். கேப் செய்யும் லேபுக்குப் போகும் சீட்டில் ‘ஏ2’, ‘ஏ3’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எந்த நிறத்துக்கும் மூன்று அளவுகள் உண்டு என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் வகுத்தார்: எந்த நிறம் (சாயல்), எவ்வளவு வெளிர், எவ்வளவு செறிவு. பல்லைப் பொறுத்தவரை இந்த மூன்றில் வெளிர்மைக்குத்தான் முதலிடம். சாயல் லேசாகப் பிசகினால் கண் பெரும்பாலும் விட்டுவிடும்; வெளிர்மை பிசகினால் எட்ட நிற்பவருக்கும் தெரியும். ஆனால் பழைய கைடின் எழுத்து வரிசை சாயலைத்தான் முன்னே நிறுத்துகிறது. வெளிர்மைப்படி அடுக்கினால் பி1, ஏ1, பி2, டி2, ஏ2 என்று எழுத்துகள் கலைந்துபோகும். 1998-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த 3டி மாஸ்டர் கைடு இதைச் சரிசெய்தது. அதில் முதலில் வெளிர்மை, அடுத்து செறிவு, கடைசியில்தான் சாயல். இருந்தும் பழைய 16-தான் இன்னமும் பேச்சுவழக்கு. பழகிய கை சுலபத்தில் மாறுவதில்லை.

சரி, எப்போது பார்ப்பது? நாற்காலியில் உட்கார்ந்ததும், வேறு எந்த வேலையும் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வாய் திறந்தே இருந்தால், அதிலும் காற்று ஊதி உலர்த்தினால், எனாமலுக்குள் இருக்கும் நுண்ணிய இடைவெளிகளில் உள்ள நீர் வெளியேறிக் காற்று புகும். ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் எனாமலுக்கு சுமார் 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. வித்தியாசம் கூடக் கூட ஒளி அதிகமாகச் சிதறும். பல் வெளுத்துத் தெரியும். ஈரத்துணி அடர்ந்தும் காய்ந்த துணி வெளிறியும் தெரிவது இதனால்தான். உலர்ந்த பல் பழைய நிறத்துக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆகும். பல்லைச் செதுக்கி, அளவெடுத்து முடித்துவிட்டுக் கடைசியில் ஷேடு பார்த்தால், அந்தச் செயற்கை வெளுப்புக்குத்தான் கேப் தயாராகி வரும். பொருத்திய பிறகு பக்கத்துப் பல் ஈரம் ஏறி இயல்புக்கு வந்துவிடும், கேப் மட்டும் பளீரென்று நிற்கும். லேபின் மேல் விழும் பழியில் பாதி இந்த இடத்தில் பிறப்பது என்பது என் ஊகம்.

கண்ணையும் முழுதாக நம்ப முடியாது. ஒரே நிறத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் சில நொடிகளில் அதை உணரும் செல்கள் களைத்துவிடும். அதனால் ஐந்தாறு நொடி பார்ப்பது, பிறகு சாம்பல் நிற அட்டை ஒன்றில் கண்ணை ஓய்வெடுக்க விடுவது, மறுபடி பார்ப்பது. லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொல்வதும், பளிச்சென்ற புடவையின் மேல் சாம்பல் துணி போர்த்துவதும் இதற்காகத்தான்.

அப்புறம் வெளிச்சம். ஒரு விளக்கில் அச்சாகப் பொருந்திய பீங்கான், இன்னொரு விளக்கில் தனித்துத் தெரியலாம். பல்லும் பீங்கானும் வேறு வேறு பொருள்கள். ஒவ்வோர் அலைநீளத்தையும் அவை ஒரே மாதிரி திருப்பி அனுப்புவதில்லை. பகல் வெளிச்சத்தை ஒத்த, 5500 முதல் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அலகு) வரையிலான விளக்கைப் பரிந்துரைப்பது இதனால். பல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு: புற ஊதா ஒளியை வாங்கி நீலவெண்மையாக ஒளிரும். அந்தக் குணம் இல்லாத கேப், நடன அரங்கின் புற ஊதா விளக்கில் பல்லே இல்லாத மாதிரி கறுத்துத் தெரியும். இதைச் சமாளிக்க ஒரு காலத்தில் பீங்கானில் துளியளவு யுரேனியச் சேர்மம் கலந்தார்கள் என்றால் நம்புவீர்களா? பின்னாளில் அந்த வேலையை அருமண் தனிமங்கள் எடுத்துக்கொண்டன.

இப்போது பல்லின் மேல் முனையை வைத்தால் ஷேடு சொல்லும் நிறமாலைமானிகள் வந்துவிட்டன. இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரத்தை ‘டெல்டா இ’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அது சுமார் 1.2-ஐத் தொடும்போது பார்ப்பவர்களில் பாதிப்பேருக்கு வித்தியாசம் தெரிகிறது, 2.7 வரை பாதிப்பேர் ‘பரவாயில்லை’ என்கிறார்கள். கருவி களைப்படையாது, விளக்கைக் கண்டு ஏமாறாது. ஆனால் அது படும் இடத்தின் நிறத்தைத்தான் சொல்லும். நுனியின் நீலத்தையும் வெடிப்புக் கோடுகளையும் வெண்திட்டுகளையும் புகைப்படம் எடுத்துத்தான் லேபுக்கு அனுப்ப வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லில் சுண்ணாம்பு வெண்மையும் பழுப்புக் கறையும் படிந்தவர்கள் நிறைய. அந்தப் பல்லுக்கு 16-இல் எதுவும் பொருந்தாது. கறை எங்கே, எவ்வளவு என்று வரைபடமே போட்டுக்கொடுக்க வேண்டும்.

கேப்புக்கு அடியில் இருப்பதும் கணக்கில் வரும். ரூட் கெனால் செய்து கறுத்துப்போன பல்லின் மேல் ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பீங்கானைப் போட்டால் உள்ளிருக்கும் கறுப்பு எட்டிப்பார்க்கும். அதனால் செதுக்கிய அடிப்பல்லின் நிறத்தையும் தனியாகக் குறித்து அனுப்புவார்கள். தேவைப்பட்டால் ஒளியை அதிகம் மறைக்கும் சிர்கோனியா என்ற பீங்கான் வகைக்குப் போவார்கள். அடிப்பல்லின் கறுப்பு மறையும். ஆனால் பல்லுக்குரிய அந்த ஆழமும் கொஞ்சம் குறையும்.

பற்களை வெளுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கேப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெளுப்பு மருந்து இயற்கைப் பல்லில்தான் வேலை செய்யும். பீங்கானின் நிறத்தைத் தொடாது. வெளுத்த நிறம் நிலைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் விட்டு, அதன் பிறகு ஷேடு பார்க்கச் சொல்லுங்கள்.