சுயாதீனப் படம் என்றால் என்ன படம்?

காசிமேட்டில் ஒரு டீக்கடைச் சுவரில் திரையிடல் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தோம். ‘சுயாதீனத் திரைப்படம்’ என்ற பெரிய எழுத்தைப் பார்த்த டீ மாஸ்டர், “இன்னா சார், புத்தி சுவாதீனம் இல்லாதவங்க கதையா?” என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் அவர் பிடித்தது சரியான நூல்தான்.

சுயாதீனமும் சுவாதீனமும் ஒரே சொல்தான். வடமொழியில் ஸ்வ என்றால் தன், அதீனம் என்றால் வசம். புத்தி தன் வசத்தில் இல்லாதவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். பழைய கிரயப் பத்திரத்தில் ‘சுவாதீனம் கொடுத்துவிட்டேன்’ என்றால் மனை கைமாறிவிட்டது. சைவ மடத்தைக் குறிக்கும் ஆதீனமும் இந்த வேர்தான்.

சுயாதீனம் என்று நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல்லான இண்டிபென்டன்ட் வேறு வழியாக வந்தது. அதன் லத்தீன் வேருக்குத் தொங்குதல் என்று பொருள். எதையும் பிடித்துத் தொங்காதது இண்டிபென்டன்ட். ஹாலிவுட்டில் ஸ்டூடியோவைப் பிடித்துத் தொங்காத படம். நம் ஊரில் தொங்குவது பெரும்பாலும் பைனான்சியரிடம்.

சிலர் ‘தற்சார்பு சினிமா’ என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அமெரிக்க இயக்குநர் ஜான் கசவெட்டிஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படம் ‘ஷேடோஸ்’ (1959) எடுக்க வானொலியில் பேசி நேயர்களிடம் காசு திரட்டினார். அப்புறம் பிறர் படங்களில் நடித்த சம்பளத்தைத் தன் படங்களில் கொட்டினார். ‘ஃபேஸஸ்’ (1968) படத்தைப் பெரும்பகுதி சொந்த வீட்டிலேயே எடுத்தார். 1974இல் வந்த ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ படத்துக்கு வீட்டை அடமானம் வைத்தார். விநியோகஸ்தர்கள் கைவிரிக்க, தானே தியேட்டர் பிடித்து வெளியிட்டார். இதில் தற்சார்பு எங்கே இருக்கிறது? ஊர்க் காசு, அடமானக் காசு எல்லாம் கலந்திருக்கிறது. ஆனால் படம் அவர் வசம். நடிகரைத் தரையில் போட்ட குறிக்குள் நிற்க வைக்க மாட்டார். அவர்கள் போகும் பக்கம் கேமரா ஓட வேண்டும். ஒரு முகத்தில் நின்றால், பார்க்கிற நமக்குச் சங்கடம் வரும்வரை வெட்டாமல் நிற்பார். முதல் போட்ட ஆள் பக்கத்தில் இருந்தால் அங்கேயே ‘கட்’ சொல்லியிருப்பார்.

இதற்கு எனக்குப் பிடித்த சொல் தன்வயம். குறளின் ‘எண்குணத்தான்’ என்ற சொல்லுக்கு உரை எழுதும் பரிமேலழகர், கடவுளின் எட்டுக் குணங்களில் முதலாவதாகச் சொல்வது ‘தன்வயத்தன் ஆதல்’. வயமும் வசத்தின் திரிபுதானே என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். தன்வயப் படம் என்றால் வாயில் நன்றாகவே உட்காருகிறது.

இவ்வளவையும் டீ மாஸ்டரிடம் சொன்னேன். “அட்வான்ஸ் வாங்காத போட்டுன்னு சொல்லு சார்” என்றார். ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கிய படகு கரைக்கு வந்தால், மீனுக்கு விலை சொல்வது அவர்தான்.