புற்றுக்கட்டியில் மரபணுவை எண்ணும் முறை

பாலக்கோட்டு வாசகி ஒருவர், தம் தாயாரின் மார்பகக் கட்டி பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையில் ‘ஹெர்-2: 2 பிளஸ், ஃபிஷ் பரிசோதனை தேவை’ என்று இருப்பதைக் குறிப்பிட்டு, ஒருமுறை பார்த்ததை மீண்டும் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

ஹெர்-2 என்பது 17ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு. வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் புரதத்தை அது உருவாக்குகிறது. இயல்பான செல்லில் அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டில் அது பன்மடங்கு பெருகிவிடுகிறது. அவ்வாறு பெருகியவர்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது என்பதை 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் காட்டினர். அப்புரதத்தைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், பெருக்கம் இல்லாதவருக்கு அதைக் கொடுப்பதில் பொருளில்லை.

முதல் பரிசோதனை, செல்லின் மேலுள்ள புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பது. 0, 1 பிளஸ் என்றால் பெருக்கம் இல்லை, 3 பிளஸ் என்றால் உண்டு என்று கொள்வர். 2 பிளஸ் என்றால் சாயத்தை நம்பி முடிவு சொல்ல முடியாது. மரபணுவையே எண்ண வேண்டும். அப்படி எண்ணும் முறைதான் ஃபிஷ்.

மெழுகில் பதித்த திசுவை 4 அல்லது 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவி, சூடேற்றி டிஎன்ஏ இழைகளைப் பிரித்து, ஹெர்-2 மரபணுவோடு மட்டும் இணையும் ஒளிரும் டிஎன்ஏ துண்டுகளை இட்டு, 37 டிகிரியில் இரவு முழுவதும் வைக்கிறார்கள். மறுநாள் ஒளிர்வு நுண்ணோக்கியில், நீல நிற உட்கருக்களுக்குள் செம்புள்ளிகள் தெரிகின்றன. பெருக்கம் மிகுந்த செல்லில் அவை கேழ்வரகுக் கதிரின் மணிகளைப் போல நெருங்கித் திரண்டிருக்கும்.

இம்முறையின் உண்மையான அழகு பச்சைப் புள்ளியில் இருக்கிறது. 17ஆம் குரோமோசோமின் மையப் பகுதியைக் காட்டும் மற்றொரு ஒளிரும் துண்டையும் உடன் சேர்க்கிறார்கள். மூன்று சிவப்புக்கு மூன்று பச்சை இருந்தால், கூடியது மரபணு மட்டுமன்று, குரோமோசோமே என்று தெரிகிறது; பன்னிரண்டு சிவப்புக்கு இரண்டே பச்சை என்றால், மரபணு தனியே பெருகியிருக்கிறது. இன்னொரு சிக்கலையும் அதே பச்சை தீர்க்கிறது. சீவலைவிட உட்கரு அகலமானது என்பதால் கத்தி உட்கருவையும் வெட்டிவிடும், சில புள்ளிகள் அடுத்த சீவலுக்குப் போய்விடும். ஆனால் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைவதால் விகிதம் பெரிதும் மாறுவதில்லை. குறைந்தது 20 செல்களில் எண்ணி, விகிதம் 2க்குக் குறையாமலும், செல்லுக்குச் சராசரியாக 4 செம்புள்ளிகளுக்குக் குறையாமலும் இருந்தால் பெருக்கம் உறுதி என்கிறார்கள்.

இதற்காகத் தாயாருக்கு மீண்டும் ஊசி குத்த வேண்டியதில்லை. முன்பு எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியே பெரும்பாலும் போதும். ‘ஊசி பட்டால் கட்டி பரவிவிடும்’ என்று நம் ஊர்களில் சொல்லப்படும் பேச்சை நம்பி பயாப்சியைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையில் உயிருக்கு ஆபத்தானது.

மெழுகுக் கட்டி தருமபுரியிலிருந்து சோதனைக்காகப் பெங்களூருக்கோ வேலூருக்கோ கெடாமல் போய்ச் சேரும். கெடுவதெல்லாம் அதற்கு முன்புதான்: எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் திசுவைக் கெடாமல் காக்கும் திரவமான 10 விழுக்காட்டு ஃபார்மலினில் இறங்கி, 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் ஊற வேண்டும், தாமதித்தால் டிஎன்ஏ சிதைந்து புள்ளிகள் மங்கிவிடும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்ட இக்காலத்தில், ஒவ்வொரு மாவட்டக் கல்லூரியிலும் ஒளிர்வு நுண்ணோக்கிக்கும் புள்ளி எண்ணப் பழகிய நோயியல் வல்லுநருக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும். அதுவரை, அறுவை அரங்கில் சரியான ஃபார்மலின் குப்பியைத் தயாராக வைத்து, திசு எடுத்த நேரத்தை அதன்மேல் எழுதும் பழக்கத்தையாவது சிறிய மருத்துவமனைகள் இன்றே தொடங்கலாம்.